மணியடித்த பிறகு வகுப்புக்குள் போகிறவர்கள்

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்தது. எங்கள் வளவுப் பையன். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். அங்கே அப்போது ஒன்பதரை. 'தூங்கிட்டீங்களாண்ணா?' என்றான். 'இல்ல கண்ணு, சொல்லு' என்றேன். 'சும்மாதாங்ணா' என்றான். அப்புறம் பேச்சில்லை. ஊரில் நோம்பி சாட்டியிருக்கிறார்கள், உங்கப்பன் சைக்கிளை விற்றுவிட்டு டிவிஎஸ் வாங்கியிருக்கிறது என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். வைக்கப் போகும்போது சொன்னான்: 'மூணு நாளா யாருகிட்டயும் வாயத் தொறந்து பேசலைங்ணா. குரல் வருதான்னு பாக்கலாம்னு போன் பண்ணுனேன்.'

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தத் தூக்கமின்மையில் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

வெளிநாடு போகும் மாணவர்களின் தனிமை, மன உளைச்சல் பற்றிப் பெரிய பத்திரிகைகள் எழுதாமல் இல்லை. குளிர், நாலு மணிக்கே கவியும் இருட்டு, புரியாத மொழி, அம்மா கைச் சாப்பாடு இல்லாதது என்று பட்டியல் போடுவார்கள். எல்லாம் உண்மைதான். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊர் நினைப்பு வந்திருக்கும். கவுண்டர் வீட்டுப் பையனும் அழுவான், அய்யர் வீட்டுப் பெண்ணும் அழுவாள். அவர்கள் கண்ணீரை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அழுகிறவன் எழுந்து போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் இல்லையா? அவர்களுக்கு அந்தக் கதவு பக்கத்து அறையிலேயே இருக்கிறது. நம் பையனுக்கோ அந்தக் கதவுதான் பயம்.

அவனுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். போன புதிதில் நாலு தமிழ்ப் பையன்களோடு ஒரே வீட்டில் இருந்தான். எல்லாரும் நம்ம பக்கத்துக்காரர்கள். ஈரோடு, பொள்ளாச்சி, காங்கயம். விமான நிலையத்துக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். முதல் வாரம் சொந்தத் தம்பி போலப் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டாவது வாரம் கேள்வி வந்தது. 'ஊரு எதுங்க?' சொன்னான். 'ஊருக்குள்ளயா, பக்கத்துலயா?' மழுப்பினான். 'குலதெய்வம் எது? எந்தக் கூட்டம்?' அதற்கு அவனிடம் அவர்கள் எதிர்பார்த்த பதில் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் வீட்டுக் கணக்குக் குழு இருந்தது. அது திடீரென்று அமைதியாகிவிட்டது. அவன் இல்லாமல் வேறு குழு தொடங்கிவிட்டார்கள் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. 'யாரும் அடிக்கலைங்ணா, வையலைங்ணா. வஞ்சிருந்தாலாவது திருப்பி வஞ்சிருக்கலாம்' என்றான்.

இன்னொன்றும் சொன்னான். அந்த நாலு பேரில் ஒருவன் வெள்ளைக்காரர்களின் நிறவெறியைக் கண்டித்து முகநூலில் காரசாரமாக எழுதுகிறவன். ரயிலில் தன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை என்று அவனுக்கு அத்தனை வலி. அந்த வலி பொய்யில்லை. அதே கையால்தான் ராத்திரி டம்ளரைப் பிரித்து வைக்கிறான். நம்ம ஊர் டீக்கடையில் ரெட்டை டம்ளருக்கு எதிராக நாம் போராடினோம். அது பெட்டிக்குள் துணிக்கு நடுவே மடித்து வைக்கப்பட்டு, எந்தச் சுங்கச் சாவடியிலும் பிடிபடாமல் அய்ரோப்பா போய்ச் சேர்ந்திருக்கிறது.

*

கோயமுத்தூருக்கு இந்தக் கதை புதிதில்லை. நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் இந்த ஊரில்தான் படித்தார். 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்த நாட்களைச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பார்ப்பனர்கள். தன் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது நின்று படித்துக்கொண்டிருப்பாராம். மணியடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் மற்ற பையன்கள் வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பின்னாளில் 'பறையன்' இதழை நடத்தியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் அவர். அப்பேர்ப்பட்ட மனுசன் எண்பது வயதை எட்டும்போது எழுதிய சின்னப் புத்தகத்தில், சிறுவயதில் தனியாக நின்றதை மறக்காமல் எழுதுகிறார் என்றால், அந்தத் தனிமை அவருக்குள் எத்தனை வருசம் இருந்திருக்க வேண்டும்!

எங்கள் பையன் ஜெர்மனியில் செய்வதும் அதேதான். விரிவுரை தொடங்கியபின் பின்வாசல் வழியாகப் போகிறான். முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வருகிறான். தமிழ் காதில் விழுந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்கிறான். தாய்மொழியைக் கேட்டதும் ஓடி ஒளிய வேண்டியிருக்கிற ஒருவனுக்கு 'ஊர் நினைப்பு' என்று மருந்துச்சீட்டு எழுதினால் எப்படி நோய் தீரும்?

*

அண்ணல் அம்பேத்கரும் வெளிநாட்டு மாணவர்தான். 1913 ஜூலையில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் போய் இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் கிடைத்தார். கடைசிவரை நீடித்த நட்பு அது. 1920இல் படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனபோது சொந்தச் சேமிப்போடு, கோலாப்பூர் சாகு மகராசரின் உதவியும் பத்தேனாவிடம் வாங்கிய கடனும்தான் கையில். அரை வயிறும் நூலகமுமாகக் கழிந்த நாட்கள். பம்பாயில் ரமாபாய் தனியாக வறுமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தனிமை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

ஆனாலும் ஒன்று இருந்தது. அமெரிக்காவிலும் அய்ரோப்பாவிலும் கழித்த அய்ந்து வருசம், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன் மனசிலிருந்து துடைத்துவிட்டதாக 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் அவரே சொல்கிறார். 1917இல் பரோடாவில் வந்து இறங்கிய பிறகுதான் அந்த நினைப்பு திரும்ப வருகிறது. தங்க இடமில்லாமல் பார்சிப் பெயர் சொல்லி ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கும்பல் அவரை வெளியே துரத்தியது. நினைக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வராமல் இருந்ததில்லை என்று எழுதினார்.

அன்றைக்கு நமக்கு அயல்நாடு என்பது மூச்சுவிடக் கிடைத்த ஒரு திண்ணை. இன்றைக்கு அந்தத் திண்ணையிலும் ஊர்க்காரன் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறான். இதுவும் அம்பேத்கருக்குத் தெரியாததில்லை. 1916 மே மாதம் கொலம்பியாவில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையிலேயே, இந்துக்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகத்தின் பிரச்சனையாகிவிடும் என்று கேட்கரை எடுத்துக்காட்டிச் சொல்லிவிட்டார். நூறு வருசம் கழித்து உலகம் அதை ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் வளாகங்கள் அனைத்துக்கும் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சட்டமே போட்டது. அதே வருசம் கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் தடுத்து நிறுத்தினார். தடுக்கச் சொல்லிக் கொடிபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

*

இப்போது பணத்துக்கு வருவோம். தனிமைக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நான் வங்கியில் எழுத்தர். கல்விக் கடன் படிவத்தை எடுத்துக் கொடுக்கிறவன். கையெழுத்துப் போட்டு அனுமதிக்கிறவன் நானில்லை என்றாலும் 'அடமானம் வெக்க என்னங்க இருக்குது?' என்று கேட்கிற நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் மூன்றாம் ஆள் ஜாமீனும் தேவையில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு ஏழரை லட்சத்தில் எங்கே அடங்கும்? ஜெர்மனியில் படிப்புக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒரு வருசச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே அங்கே முடக்கிக் காட்டினால்தான் விசா என்று 2024இல் விதி வந்தது. ரூபாயில் பத்து லட்சத்துக்கும் மேல். தோட்டத்தில் களையெடுத்த குடும்பத்துக்கு அத்தனை சொத்து ஏது? இருப்பது அரசாங்கம் கொடுத்த இலவச மனைப் பட்டா. அதில் விற்கக்கூடாது, மாற்றக்கூடாது என்று நிபந்தனை இருக்கும். வங்கி அதைத் தொடத் தயங்கும். 1892இல் நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் வட்டிக்கு விடுகிறவனிடமும் தனியார் நிதி நிறுவனத்திடமும் போய் நிற்கிறார்கள்.

இந்தப் பையனின் அப்பா மாசம் ஒருதடவை வந்து என் முன்னால் நிற்பார். 'வட்டி எவ்வளவு ஏறியிருக்குதுங்க சாமி?' என்பார். 'சாமின்னு கூப்புடாதீங்கப்பா, நான் நம்ம வளவுப் பையன்' என்பேன். 'சரிங்க சாமி' என்பார். முப்பது வருசப் பண்ணையம் நாக்கில் ஏற்றிவைத்த சொல் அது. மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் வந்துவிடுகிறது.

இப்படி ஒரு அப்பனை ஊரில் விட்டுவிட்டுப் போனவன், 'எனக்கு முடியலீங்கப்பா, திரும்பி வந்துடறேன்' என்று எப்படிச் சொல்வான்? வீடியோவில் முகம் காட்டும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறான். அம்மா 'என்ன சாப்பிட்ட?' என்று கேட்டால் கோழிக்கறி என்கிறான். சாப்பிட்டது ரொட்டியும் ஜாமும். கடன் ஒருவனின் பையை மட்டும் பிடிப்பதில்லை, வாயையும் பொத்துகிறது.

அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. நாடு முழுக்க ஆண்டுக்கு 125 இடம். 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் பற்றிப் படிக்க அந்தப் பணம் கிடையாது என்று விதி கொண்டு வந்தார்கள். அதாவது சாதியைப் பற்றிப் படிக்க ஒரு தலித் மாணவன் இனி கொலம்பியா போக முடியாது. 2025இல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, நிதி ஒப்புதல் இல்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டும் ஆணை கொடுத்தார்கள். மற்றவர்கள் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு மனசு என்ன பாடுபடும் என்று எந்தக் கோப்பிலும் எழுதப்படாது.

*

தோழர்களே, அயல்நாடு என்றால் கடல் தாண்டித்தான் இருக்க வேண்டுமா? சேலத்துப் பையனுக்கு அய்தராபாத்தும் டெல்லியும் அயல்நாடுதான். சேலம் மாவட்டத்திலிருந்து அய்தராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார், வழிகாட்டிகூட ஒதுக்கப்படாத நிலையில் 2008 பிப்ரவரியில் இறந்துபோனார். பன்றி மேய்த்த குடும்பத்திலிருந்து ஆய்வுப் படிப்பு வரை போனவர். 2016 ஜனவரி 17இல் அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, திறந்தவெளியில் படுத்துக் கிடந்தவர். அங்கே படித்துவிட்டு, பலமுறை முயன்று டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தவர் சேலம் முத்துக்கிருஷ்ணன். அப்பா காவலாளி வேலை பார்த்தவர். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் நேர்காணலிலும் சமத்துவம் இல்லை என்று கடைசியாக முகநூலில் எழுதினார். 2017 மார்ச் 13, ஊரே வண்ணம் பூசிக்கொண்ட ஹோலி நாளில் அவர் இல்லாமல் போனார். அது தற்கொலை இல்லை, விசாரணை வேண்டும் என்று அவருடைய அப்பா கேட்டார். சரியாக ஒரு வருசம் முன்பு, 2016 மார்ச் 13இல்தான் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பொறியியல் மாணவர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். இங்கே இருந்தால் அரிவாள். வெளியே போனால் மௌனம்.

முத்துக்கிருஷ்ணன் இறந்தபோது நானும் ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை என்று நாலு பேர் சொன்னார்கள். கூட்டத்தில் வாசித்தேன், கைதட்டினார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது சேலத்திலும் கோவையிலும் இருந்த நம்மில் எத்தனை பேர் அவருக்குப் போன் போட்டு 'சாப்பிட்டியா தம்பி?' என்று கேட்டோம்? சேரியிலிருந்து ஒருவன் படிக்கப் போனால் பிளக்ஸ் வைக்கிறோம். பறையடித்து வழியனுப்புகிறோம். அண்ணல் படத்தைக் கையில் கொடுத்து 'நீதான் அடுத்த அம்பேத்கர்' என்கிறோம். இருபத்திரண்டு வயதுப் பையனின் முதுகில் அதைவிடப் பெரிய மூட்டை உண்டா? அப்புறம் மறந்துவிடுகிறோம். செத்தால் மறுபடி பிளக்ஸ். இடையில் இருந்த அந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம்?

இன்னொரு கெட்ட பழக்கமும் நமக்கு உண்டு. மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால் 'நடுத்தர வர்க்க வியாதி' என்று சிரிப்பது. 'போராட வா, எல்லாம் சரியாகும்' என்பது. போராட்டம் பெரிய மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மூணு வாரமாகத் தூங்காதவனுக்கு, குளிக்க எழுந்திருக்க முடியாதவனுக்கு, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறவனுக்கு மருத்துவர் வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை தின்றால் புரட்சி நின்றுவிடுமா? அதே சமயம், மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தனி டம்ளரை அப்படியே விட்டுவைக்கிற வைத்தியமும் நமக்கு வேண்டாம். காயத்துக்கு மருந்து, காயப்படுத்துகிறவனுக்கு எதிராகச் சட்டம். ரெண்டும் ஒருசேர வேண்டும்.

ஒரு தோழர் கேட்டார்: 'காலனிக்குத் தண்ணி வரலை, மயானத்துக்குப் பாதை இல்லை, ஜெர்மனி போனவனோட தனிமைக்கு நாலு பக்கமா?' நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். ஒரு வளவு மொத்தமும் முப்பது வருசக் கூலியைச் சேர்த்து ஒருவனை அனுப்புகிறது. அவன் உடைந்து திரும்பினால் 'படிச்சு என்ன ஆச்சு?' என்று பின்னால் நிற்கிற பத்துப் பிள்ளைகளை அடுத்த நாளே மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் தனிமை அவன் ஒருத்தனுடையது இல்லை.

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்திலிருந்து வெளியே போயிருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் இருக்கட்டும். ஒருத்தருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்து வாரம் ஒரு முறை போன் போடட்டும். அறிவுரை வேண்டாம், ஊர்க்கதை போதும். போவதற்கு முன்பே, அந்த நாட்டில் இருக்கிற அம்பேத்கரியத் தோழர் ஒருவரின் எண் அவன் கையில் இருக்கட்டும். பெற்றவர்களிடம் நாமே போய்ச் சொல்வோம்: படிப்பு பாதியில் நின்றால் மானம் போகாது, பிள்ளை திரும்பி வந்தால் போதும். உதவித்தொகை குறித்த தேதியில் வரவும், மனைப் பட்டாவை நம்பிக் கடன் கிடைக்கவும், ஒவ்வொரு பல்கலைக்கழக விதியிலும் சாதி என்ற சொல் ஏறவும் போராடுவோம்.

இதைப் படிக்கிற மாணவர் யாருக்காவது இப்போது அந்த இருட்டு இருந்தால், தயவுசெய்து ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 988, பிரிட்டனில் 116 123. உங்கள் பல்கலைக்கழகத்திலும் ஆலோசகர் இருப்பார். சாதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்லிக் கொடுங்கள். கேட்பது அவர் வேலை.

எங்கள் பையன் இப்போது வேறு அறைக்கு மாறிவிட்டான். பக்கத்து அறையில் கானா நாட்டுப் பையன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டுக்கறி சமைக்கிறார்கள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். பல்கலைக்கழக ஆலோசகரிடமும் ரெண்டு தடவை போய் வந்திருக்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். போன வாரம் பேசும்போது, வகுப்புக்கு மணியடிக்கும் முன்னே போய் மூணாவது வரிசையில் உட்கார்ந்ததாகச் சொன்னான். 'யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டாங்களா?' என்றேன்.

'கேட்டாங்ணா. வளவுன்னே சொல்லீட்டேன்.'